ஒரு பாட்டில் ஆறு

"செருப்பைக் கழட்டாதே மாப்ளே, கண்ணாடி குத்தும்!"

அதட்டிய நண்பன் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறான். நேரம் காலை ஆறரை. கையில் குட்டி பிளாஸ்டிக் பாட்டில்.

இடம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில். ஆற்றின் பெயர் பிரெஞ்சு பிராட். 2025 ஜூலையில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இவனைப் பார்க்கப் போயிருந்தேன். நயாகரா காட்டுவான் என்று நம்பிப் போனவனை, புதன்கிழமை விடியற்காலையில் உலுக்கி எழுப்பி ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். சென்னையில் நாங்கள் ஒரே ஆபீஸில் இருந்தபோது சூரிய உதயத்தை காலண்டரில் மட்டுமே பார்த்த ஆசாமி இவன்!

"என்னடா, ஏதாவது வேண்டுதலா?"

"பேசாதே. நீ நடந்தா தண்ணி கலங்கும்."

தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்றான். மேலே மிதக்கும் தூசி சேராமல் பாட்டிலை உள்ளே அமிழ்த்தி நிரப்பி, மூடியை இறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்தான். அவ்வளவுதான் வேலை. வாரா வாரம் இதே இடம், இதே வேலை. ஆற்றைக் காக்கும் தொண்டு அமைப்புகளுக்காக இவனைப் போல நிறையப் பேர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

இந்த ஆறு கொஞ்சம் பிடிவாதக்காரி. கடலைத் தேடிக் கிழக்கே போகாமல், வடக்கே மலைகளைக் குடைந்துகொண்டு டென்னஸி மாநிலத்துக்குப் போகிறது. அங்கே அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடிய பூமி இருந்ததால்தான் இந்தப் பெயர். கடல் மட்டத்திலிருந்து 2,100 அடி உயரத்தில் இருக்கிற ஊர். 'புயலாவது, இங்கேயாவது' என்று எல்லோரும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

2024 செப்டம்பர் 26 இரவு, 'ஹெலீன்' புயல் ஃபுளோரிடாவில் கரை ஏறியது. அதற்கு முன்பே இங்கே பெய்த மழையில் மலை மண் ஊறிக் கிடந்தது. சில மலைகளில் மூன்று நாளில் 30 அங்குலம் மழை. மறுநாள் ஆஷ்வில்லில் ஆறு 24.67 அடிக்கு ஏறியது. 1916 வெள்ளத்தின் 23.1 அடிதான் அதுவரை ரெக்கார்டு! மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க, நவம்பர் 18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆற்றுக்குள் என்னவெல்லாம் போனது? கார், கூரை, கேஸ் சிலிண்டர், சாக்கடை, மலைச்சரிவில் வந்த மண்... கரையோரத் தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் பி.வி.சி. பைப்புகள். மாசக்கணக்கில் படகில் போய் ஜனங்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்களாம்.

பாட்டிலில் எடுத்த தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து, குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, 35 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைக்கிறார்கள். பிறகு புற ஊதா விளக்கின் கீழே காட்டினால், இ.கோலி கிருமி இருக்கும் குழிகள் நீலமாக மின்னும். எத்தனை குழி மின்னுகிறது என்று எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். 100 மில்லியில் 235-க்கு மேல் போனால், 'இந்த வாரம் குளிக்காதே'! மழை பெய்தால் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். நம் பங்கு மார்க்கெட் மாதிரி.

"சரி, கிருமி போயிட்டா ஆறு பிழைச்சிரும்தானே?" என்றேன்.

"அதான் இல்லே. வா, காட்டறேன்."

கொஞ்ச தூரத்தில் கரை மொட்டையாக இருந்தது. "வெள்ளம் பண்ணினதா?" "பாதி வெள்ளம். மீதி சுத்தம்!" என்றான்.

குப்பையை அள்ள வந்த பெரிய மெஷின்கள் பல இடங்களில் ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டனவாம். விழுந்த மரத்தோடு நின்ற மரத்தையும் பிடுங்கி, படுகையில் இருந்த கல்லையும் நசுக்கி, வாரிக்கொண்டு போய்விட்டன. அள்ளிய அளவுக்குக் காசு என்றால் எவன் மிச்சம் வைப்பான்? ஆற்றைக் கவனிக்கிறவர்கள் போட்டோ எடுத்து, புகார் எழுதி, மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

"மரம் கிடந்தா என்ன, எடுத்தா என்னடா?"

"உனக்கு அது குப்பை. மீனுக்கு அது வீடு."

வீடு என்றதும் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பெயர் ஹெல்பெண்டர். இரண்டடி வரை வளரும் சாலமாண்டர், தண்ணீருக்குள்ளேயே வாழ்க்கை. உடம்பெல்லாம் வழுவழு. செல்லப் பெயரைத் தமிழில் சொன்னால் 'சளி நீர்நாய்'! தோலால் மூச்சு விடும். அதனால் சேறு மூடினால் திணறும். பெரிய பாறைக்கு அடியில் முட்டையைக் காவல் காப்பது அப்பாதான். அந்தக் காவல் ஆரம்பிக்கிற சீஸன் எது தெரியுமா? செப்டம்பர். புயல் வந்ததும் செப்டம்பர். பாறையோடு அப்பாவும் உருண்டு போனார். வெள்ளம் வடிந்த வீடுகளின் அடித்தளத்தில்கூடச் சிலவற்றைக் கண்டெடுத்தார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த இனத்தை அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தது.

திரும்பும்போது காரில் ஐஸ் பெட்டியை என் மடியில் வைத்தான், கைக்குழந்தை மாதிரி.

"உனக்கென்னடா இதில் இவ்வளவு அக்கறை?"

கொஞ்ச நேரம் பதிலில்லை. "2015 டிசம்பர்ல சைதாப்பேட்டை மொட்டை மாடியிலே நின்னோமே, ஞாபகம் இருக்கா? அடையாறு வடிஞ்சதும் என்ன பண்ணினோம்?"

"வீட்டைக் கழுவினோம்."

"ஆத்தைப் பத்தி நினைச்சோமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் போன் வந்தது. அவனுடைய பாட்டில் 235-க்குக் கீழே! பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி குதித்தான். "ராத்திரி மழைன்னு சொல்றாங்க, பார்க்கலாம்" என்று உடனே முகம் வாடினான்.

ஊர் திரும்பிய முதல் திங்கட்கிழமை, ஆபீஸ் போகும் பஸ் சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்றது. பத்து வருஷமாக நான் மூக்கை மூடிக்கொள்ளும் இடம். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கீழே எட்டிப் பார்த்தேன்.