மண் தின்ற நூல்சேலை

கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரத் தோட்டங்களில் வரப்பைச் சுற்றிக் கலர் கலராகப் பழைய சேலைகள் தொங்கும். காட்டுப்பன்றி உள்ளே வராமலிருக்கக் கட்டும் வேலி அது. கம்பிவேலிக்கு ஆகும் செலவை நினைத்தால், வேறு என்னதான் செய்வது?

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டம். மருமகள்தான் விவசாயம் பார்க்கிறார். பழைய வாழையை அழித்துவிட்டு உழுதபோது, ரோட்டவேட்டர் கத்தியில் சேலைகள் சுற்றிக்கொண்டு டிராக்டர் நின்றுவிட்டது. வெயிலில் நைந்து, கிழிந்து, மண்ணுக்குள் போன வேலிச்சேலைகள். அறுத்து எடுப்பதற்குள் பொழுதும் போனது, வாடகையும் ஏறியது. சிக்கியதெல்லாம் பாலியஸ்டர். மாமியாரின் நூல்சேலைகளும் அதே வேலியில்தான் இருந்தன. அவற்றில் ஒரு துண்டுகூட இல்லை.

"அத்தே, உங்க சேலை ஒண்ணுகூட சிக்கலையே?"

"அது மண்ணோட மண்ணாப் போயிருக்கும்டி. உன்னோடதுதான் சாகாது."

மருமகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டிலும் ஒரு முழம் கிழித்து, வாழைக்குத் தண்ணீர் பாயும் இடத்தில் அருகருகே புதைத்துக் குச்சி நட்டார். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நூல்சேலையில் மிஞ்சியது ஓரம் தைத்த தையல் நூல் மட்டும். அது பாலியஸ்டர் நூல். இன்னொரு துண்டை அலசிக் காயப்போட்டால் மறுபடி தைக்கலாம் போலிருந்தது.

வைக்கோலிலும் வாழைச்சருகிலும் இருக்கும் அதே செல்லுலோஸ்தான் பஞ்சிலும் இருக்கிறது. மண்ணிலுள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் நொதியைச் சுரந்து, அதைச் சர்க்கரையாக உடைத்துத் தின்றுவிடும். ஈரமும் காற்றோட்டமும் சூடும் இருந்தால் வேகமாக நடக்கும். காய்ந்த மண்ணில் பருத்தியும் நெடுநாள் கிடக்கும். பாலியஸ்டரோ தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக். அதைத் தின்ன நம் மண்ணில் ஆள் இல்லை என்றே சொல்லலாம். வெயிலில் பொடிப்பொடியாகி மண்ணோடு கலக்கும், அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தில் 2021-ல் அக்ரோஸ்கோப் ஆய்வு நிறுவனமும் சூரிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1,000 பேருக்குத் தலா இரண்டு பருத்தி ஜட்டிகளைக் கொடுத்துப் புதைக்கச் சொன்னார்கள். சிரிக்க வேண்டாம், மண்ணில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பார்க்கத்தான்! நல்ல மண்ணில் துணி போய்விடும், இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும்.

தோண்டிய அன்று மாமியார் வேறொன்றும் சொன்னார்.

"நான் போயிட்டா வர்ற கோடியெல்லாம் இந்தப் பளபளாச் சேலையாத்தான் இருக்கும். அதை என்கூடக் குழிக்குள்ள போட்றாதீக. ஒரு நூல்சேலை உடுத்தி விடுங்க."

"வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு அத்தே இது!"

அதட்டினாரே தவிர, மறுவாரமே ஆண்டிப்பட்டிக்கு பஸ் ஏறினார் மருமகள். சக்கம்பட்டியில் தறி நெசவு பேர்போனது. 'காட்டன்' என்று சொல்லிக் கலப்படமும் விற்கிறார்களே என்று, முந்தானையில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தார். பாலியஸ்டர் என்றால் உருகி மணிபோல இறுகும். இது காகிதம் கருகுகிற வாசனையோடு சாம்பலானது.

"இப்பவே கட்டுங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அதைக் கட்டிக்கொண்டுதான் இப்போது தோட்டத்துக்கு வருகிறார். உழவுக்கு முன்னால் வேலிக் கந்தலைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதும் அவர்தான்.