மிடறும் ஒளியும்

விழாவன்று வழிபாட்டு மண்டபத்தில் நானே தேவாரம் பாடித் தொடக்கிவைத்தல் வேண்டும் என்று விழாச் சபையார் எழுதிய கடிதம் கைக்கு வந்தபொழுது, மகிழ்ச்சியிலும் பார்க்க அச்சமே மேலோங்கியது. 1964ஆம் ஆண்டு அம்மண்டபத்திலே காலை வழிபாட்டுக்குப் பண்ணிசைத்தவன் நான். ஒலிபெருக்கி வேண்டியிருந்ததில்லை, கடைசி வரிசைச் சிறுவரும் கண்மூடிக் கேட்பர். மூடிய கண்கள் எல்லாம் பக்தியால் மூடியவை என்று சாதிக்க நான் வரவில்லை. அந்தக் குரல் இப்பொழுது என்னிடம் இல்லை. 70 வயதைத் தாண்டியபின் அது மெலிந்தது, கரகரத்தது, ஓரடியைப் பாடி முடிக்குமுன் மூச்சு முடிந்தது. தொலைபேசியில் மறுமுனையிலிருப்போர் என்னை "அம்மா" என்று விளிக்கவும் தொடங்கினர்.

இக்குறையை அறிந்த என் மகள்வயிற்றுப் பேரன் கனடாவிலிருந்து ஒரு கழுத்துப்பட்டி அனுப்பினான். அதன் உட்புறம் முழுவதும் சிவந்த சிறு விளக்குகள். "அம்மப்பா, நாளுக்கு இருபது நிமிஷம் கட்டிக்கொண்டு இருங்கோ, குரல் இளமையாகிவிடும்" என்றான். அவ்வண்ணமே மூன்று மாதம் மாலைதோறும் முன்விறாந்தையிற் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தேன். "நீலகண்டரைப் பாடினவர் செங்கண்டராகிவிட்டார்" என்றாள் மனைவி. முதல் வாரத்திலே குரல் தேறியதாக எனக்குத் தோன்றிற்று. அவளுக்குத் தோன்றவில்லை.

ஒளியால் நோய் தீர்த்தல் வெறும் வாணிக மாயம் அன்று. டென்மார்க்கு நாட்டு நீல்சு பின்சன் என்பார் தோலை அரிக்கும் காசநோயைச் செறிந்த ஒளியால் மாற்றியதற்காக 1903ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். 1960ஆம் ஆண்டு லேசர் பிறந்தது. 1967ஆம் ஆண்டு புடாபெசுற்று நகரிலே எந்திரே மெசுற்றர் என்னும் வைத்தியர், அவ்வொளி புற்றுநோயை விளைக்குமோ என்றறிய மயிர் மழித்த எலிகளின் முதுகிலே அதனைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை, மழித்த மயிரே விரைந்து வளர்ந்தது. (என் தலையை அவரிடம் ஒப்படைக்க வாய்க்கவில்லை.) செந்நிற ஒளியும் செந்நிறக் கீழ் ஒளியும் கலங்களுக்குள்ளிருக்கும் இழைமணிகளைத் தூண்டிச் சத்தியைப் பெருக்குகின்றன என்பது இக்கலையின் கொள்கை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு வாய்ப்புண் வராமற் காப்பதற்கு இன்று இவ்வொளியைப் பயன்படுத்துகின்றனர். நெடுநேரம் பேசிக் களைத்த குரலை அது ஆற்றுமோ என்பதையும் சிறிய அளவிற் சோதித்திருக்கின்றனர்.

முதுமைக் குரலின் கதையோ வேறு. ஆடவர் பேசும்பொழுது குரல் நாண்கள் இரண்டும் செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 130 முறை சேர்ந்து பிரிகின்றன. வயதேற அந்நாண்களுக்குள் இருக்கும் தசை மெலிகின்றது. மேற்படை நெகிழ்ச்சி குன்றுகின்றது. இரண்டும் முற்றச் சேராமல் நடுவே வில்லாய் வளைய, அவ்விடைவெளியாலே காற்று ஒழுகுகின்றது. நாண் மெலியவே ஆடவர் குரலின் சுருதி சற்றே ஏறும். தொலைபேசியில் நான் "அம்மா" ஆன மருமம் இதுவே. இந்நாண்களோ தோலுக்கும் தசைக்கும் குரல்வளைக் கசியிழையத்துக்கும் பின்னே ஒளிந்து கிடப்பவை. செந்நிற ஒளி உடலுக்குள் சில மில்லிமீற்றர் செல்வதற்குள்ளேயே தன் வலிமையிற் பெரும்பகுதியை இழந்துவிடும். மெலிந்த நாணை அது மீண்டும் தடிப்பிக்கும் என்று நிறுவிய பேராராய்ச்சி எதுவும் இல்லை. பட்டி செய்தோர் இதனைப் பெட்டியின்மேல் அச்சிடவில்லை.

இவையெல்லாம் நான் பின்னர் அறிந்தவை. மூன்றாம் மாத முடிவிலும் கரகரப்பு நீங்காமையால் தொண்டை வைத்திய நிபுணரிடம் சென்றேன். அவர் என்னிடம் தமிழ் படித்தவர். "சேர், எத்தனை நாளாக இப்படி?" என்றார். சொன்னேன். பட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் மாறியது. கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையைக் கண்ணாற் பார்த்தே ஆகவேண்டும் என்றும், முதுமை என்று நாம் பெயரிட்டுவிட்ட கரகரப்பின் பின்னே புற்றுக்கட்டி ஒன்று வளரக்கூடும் என்றும், தொடக்கத்திற் கண்டால் பெரும்பாலும் மாற்றத்தக்க அந்நோய்க்கு வீணாய்ப் போகும் ஒவ்வொரு மாதமும் கேடு என்றும் கூறினார். கட்டி இருக்கலாம் என்று ஐயுறும் இடத்தில் இவ்வொளியைப் பாய்ச்சலாகாது என்பதையும் அப்பொழுதுதான் கேட்டேன். நாற்காலியில் இருந்த எனக்குக் கைகள் குளிர்ந்தன. அன்றுவரை என் கவலை தேவாரத்தைப் பற்றியது மாத்திரமே.

மூக்கு வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தினார். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொன்று அதன் நுனியில். அவ்வொளியிலே நாண்களின் அதிர்வு மெதுவாய் அசைவதுபோலத் திரையிற் காணப்பட்டது. "ஈ என்று சொல்லுங்கோ, சேர்" என்றார். எத்தனையோ பாட்டு அவரை எழுப்பி ஒப்புவிக்கச் செய்தவன் நான், அடங்கிச் சொன்னேன். என் வாழ்வு முழுவதும் பேசியும் பாடியும் கழிந்த கருவியை அன்றே முதன்முறையாகக் கண்டேன். வெண்ணிற நாண்கள் இரண்டு. இடையிலே மெல்லிய இடைவெளி. கட்டி இல்லை.

மிடற்றுக்குள்ளே முதலில் ஒளியைச் செலுத்திப் பாடும் நாண்களைத் தெளிவாகக் கண்டவரும் ஒரு சங்கீத ஆசிரியரே. மனுவேல் கார்சியா என்னும் அப்பெரியார் 1854ஆம் ஆண்டு பாரிசிலே, பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, மற்றொரு கண்ணாடியாற் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். மறு ஆண்டு அதனை இலண்டன் அரச கழகத்துக்கு எழுதி அறிவித்தார். 1805இற் பிறந்து 1906 வரை வாழ்ந்தவர். அவர் கண்ணாடியை வாங்கியது குணப்படுத்துவதற்கன்று, பார்ப்பதற்கு.

எனக்கு விதிக்கப்பட்ட சிகிச்சையில் விளக்கு எதுவும் இல்லை. நாணுக்குள் மருந்து செலுத்தித் தடிப்பிக்கலாம், சத்திரசிகிச்சையும் உண்டு என்றார். முதலிற் பயிற்சியைச் செய்து பார்ப்போம் என்று முடிவாயிற்று. காலையும் மாலையும் ஒரே சுருதியில் நீட்டி இசைத்தல், கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிச் செல்லல், நீர் நிறைந்த குவளைக்குள் குழலால் ஊதியபடியே முனகுதல். கடைசியதைக் கண்டு அயல்வீட்டுக் குழந்தைகள் கூடிவிடுவர். ஆறு வாரத்திலே ஓரடியை ஒரே மூச்சிற் பாட முடிந்தது. பழைய குரல் திரும்பவில்லை, அது திரும்பாது.

பட்டி, மின்சாரம் தடைப்படும் இரவுகளில் மூக்குக்கண்ணாடி தேட உதவுகின்றது. பேரனுக்கு நன்றி எழுதிவிட்டேன். விழாச் சபையாருக்கும் எழுதிவிட்டேன்: பதிகம் முழுவதும் அன்று, இரண்டு பாட்டு மாத்திரம், சுருதியை அக்காலத்திலும் அரைக்கட்டை ஏற்றிவைக்க வேண்டும், என் அருகே மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் நிற்க வேண்டும், என் மூச்சு நிற்குமிடத்தில் அவன் தொடர்வதற்கு.