முள் காட்டும் 230 உண்மையா?

பிளக் பாயிண்டில் பழைய முள் மல்டிமீட்டரை வைத்தால் முள் 230-க்குப் போய் நிற்கிறது. நிற்பதுதான் ஆச்சரியம்! அங்கே வருகிற வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. நொடிக்கு 50 தடவை ப்ளஸ் 325-க்கும் மைனஸ் 325-க்கும் போய்ப் போய் வருகிறது.

மீட்டருக்குள் இருப்பது ஒரு நிரந்தரக் காந்தம், அதன் நடுவே மெல்லிய கம்பிச் சுருள், இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். கரண்ட் ஒரு திசையில் போனால் முள் வலப்பக்கம் சாயும், திருப்பிப் போனால் இடப்பக்கம். ஏ.சி.யை அப்படியே கொடுத்தால் வலப்பக்கம் கிளம்புவதற்குள் இடப்பக்கம் இழுத்துவிடும். முள்ளுக்கு அவ்வளவு வேகம் ஏது? பூஜ்யத்திலேயே நின்று லேசாக நடுங்கும், அவ்வளவுதான். மீட்டரை டி.சி. ரேஞ்சில் வைத்து லைனைப் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லை" என்று கை வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அதனால் ஏ.சி. ரேஞ்சில் சுருளுக்கு முன்னால் டையோடுகள் வைக்கிறார்கள். மைனஸ் பாதியும் ப்ளஸ் பக்கம் திரும்பிவிடும். இப்போது முள் நிற்பது இந்த ஏற்ற இறக்கத்தின் சராசரியில். 325 உச்சம் உள்ள சைன் அலைக்குச் சராசரி 207 தான். ஆனால் பல்பு எரிவதும் ஹீட்டர் சுடுவதும் ஆர்.எம்.எஸ். கணக்கில், அதாவது 230. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? முள் 207-க்கு நிற்கும் இடத்தில் 230 என்று அச்சடித்துவிட்டார்கள்! 1.11-ஆல் பெருக்கும் வேலையை ஸ்கேலே செய்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சைன் அலைக்கு மட்டும்.

ப்ராஜெக்டுக்கு இன்வெர்ட்டர் செய்யும் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாதி நேரம் 325 வோல்ட், மீதி நேரம் பூஜ்யம் என்று விட்டுவிட்டு வரும் சதுர அலை. அதன் ஆர்.எம்.எஸ். சரியாக 230. மீட்டரோ சுமார் 180 காட்டும். "வோல்டேஜ் பத்தவில்லை" என்று டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றை ஏற்றி முள்ளை 230-க்குக் கொண்டுவந்தால், வெளியே போவது கிட்டத்தட்ட 293 வோல்ட். பல்பு தாங்குமா? இன்வெர்ட்டர் மேல் தப்பே இல்லை, பாவம்.

லேபில் இருக்கும் மூவிங் அயர்ன் வோல்ட்மீட்டரை எடுத்திருந்தால் இந்த வம்பு இல்லை. அதில் டையோடு கிடையாது. இரும்புத் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளும் விசை கரண்டின் இருமடியைப் பொறுத்தது. திசை மாறினாலும் தள்ளுவது தள்ளுவதுதான். அலை எப்படி இருந்தாலும் ஏறக்குறைய ஆர்.எம்.எஸ். தான் காட்டும். ஒரே தொல்லை, ஸ்கேலின் தொடக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும்.