சக்கரம் பூண்ட வீடும் தோப்பூர்க் காற்றும்

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர் வழியாகத் தோப்பூருக்குச் செல்வோர் முன்னாளில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகத் துறையிலே காத்துக் கிடப்பர். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009-இல் திறக்கப்பட்டபின் அங்கே அக்காத்திருப்பு ஒழிந்தது. மகாவலி கடலோடு சேரும் கொட்டியாரக் குடாவையும் அயலிலுள்ள வயல்களையும், சிறிய வீட்டு வண்டியொன்றிலேயே குடியிருந்து ஆறுதலாகக் காணலாம்.

அத்தகைய வண்டியைப் பழையதாக வாங்க விழைவோர் யந்திரத்தின் ஓசைக்கே முதலிற் செவிகொடுக்கின்றனர். என் எண்ணம் வேறு. யந்திரத்தைக் கழற்றி மாற்றலாம். உப்புக்காற்றிற் கறள் தின்ற அடித்தகட்டை மாற்றுவது எளிதன்று. ஓய்வூதியப் பணம் முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். தரைவிரிப்பை உயர்த்திப் பாருங்கள். சக்கர வளைவின் உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். புதுச்சாயம் பளபளத்தால் ஐயம் இரட்டிப்பாகட்டும்.

இவ்வகையிற் புகழ்பெற்றது 1950-இல் உற்பத்தி தொடங்கிய வொல்க்ஸ்வாகன் வான். மறு ஆண்டிலேயே ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் அதனுள் படுக்கை வசதி அமைத்துக் கொடுத்தது. அந்நாளைய வண்டிகளின் பின்புற யந்திரம் காற்றினாலேயே குளிர்வது. நீர் ஊற்றும் தொல்லையில்லை.

வடகீழ்ப் பருவமழை கொட்டும் மார்கழியிலே வண்டியைப் பார்வையிடுங்கள். கூரை ஒழுக்கு அப்போது ஒளிந்திராது. உள்ளே படுத்தும் பாருங்கள். கால் நீட்ட இடமில்லாதது என்ன வீடு? சாளரங்கள் இருபக்கமும் திறக்கவேண்டும். அப்படியிருந்தும் சித்திரை வெயிலில் தகட்டுக் கூரையின்கீழ்ப் பகற்பொழுது தங்க இயலாது. மரநிழல் பார்த்தே நிறுத்தவேண்டும்.