தேவை முடிந்தது

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். "பி நெகட்டிவ் கேட்டிருந்தீங்களே, நான் மதுரைக்குத்தான் வந்துட்டு இருக்கேன். எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

நான் யாருக்கும் பி நெகட்டிவ் கேட்கவில்லை. அவருக்கு வந்த செய்தியை எனக்கு அனுப்பச் சொன்னேன். யாரோ எழுதி, பல கை மாறி வந்தது. கடைசியில், ரத்ததானத்துக்கு உதவுகிறவர்கள் என்று சில எண்கள். அதில் என்னுடையதும் இருந்தது. 'மிக மிக அவசரம், இன்று மாலைக்குள்' என்று போட்டிருந்தார்கள். எந்த நாளின் மாலை என்று எங்கும் இல்லை.

நோயாளியின் வீட்டார் எண்ணும் அதில் இருந்ததால் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பா எடுத்தார். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் மகனுக்காகக் கேட்ட ரத்தமாம். பையன் பிழைக்கவில்லை. "இன்னமும் யாராவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க சார். எல்லாம் நல்ல மனசுக்காரங்க. கோபப்படவும் முடியல, பதில் சொல்லவும் முடியல" என்றார்.

மனது கேட்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கேட்டு எழுதுகிறவர் எல்லோரும் 'அவசரம்' என்று எழுதுகிறார்கள். அந்த அவசரம் எப்போது தீரும் என்று எழுதுகிறவர் அரிது. எத்தனை பேருக்குப் போகிறது என்பதைவிட எந்த நாள், எத்தனை மணி வரை என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். திருநெல்வேலி அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு விவரம் சொல்லி, அவரது எண்ணை 'பி- நெல்லை' என்று பதிந்துகொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

கல்லூரித் தம்பி ஒருவர் வந்திருந்தார். துடிப்பானவர். "அண்ணே, வாட்ஸ்அப் குரூப்ல இப்ப 1,024 பேரைச் சேர்க்கலாம். மதுரை டோனர் எல்லாரையும் ஒரே குரூப்ல போட்டுருவோம். ஒரு மெசேஜ் போட்டா போதும்" என்றார்.

ஏன் வேண்டாம் என்று அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு இந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவும். பெரிய குழுவில் கொடையாளர் அத்தனை பேரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். 'டோனரைக் கூட்டிட்டு வர்றேன், பெட்ரோலுக்கு ஜிபே பண்ணுங்க' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகும் ஆட்களுக்கு அது தோதான இடம். ரத்தத்தை விற்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்புக்குப் பின் 1998 தொடக்கத்திலிருந்தே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் தவித்து நிற்கிறவரிடம் காசு பறிக்க ஆள் இருக்கத்தான் செய்கிறது. அதனால் நான் அனுப்பும் செய்தியில் நோயாளி வீட்டார் எண்ணைப் போடுவதில்லை. என் எண் மட்டும்தான். நோயாளியின் படமும் நோயின் பெயரும் கிடையாது. ரத்தம் கொடுக்கிறவருக்கு அவை தேவையில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குழுவில் ஒரு யூனிட் கேட்டால் சில நாள் ஒருவரும் வரமாட்டார்கள், 'வேறு யாராவது போயிருப்பாங்க' என்று. சில நாள் நான்கு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் நால்வரிடமும் எடுத்துவிடுவதும் நடக்கிறது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் அடுத்த 90 நாள், பெண்கள் 120 நாள் கொடுக்கக் கூடாது. ஒரு யூனிட் தேவைக்கு நான்கு ஓ நெகட்டிவ் ஆட்களைச் செலவழித்துவிட்டால் மழைக்காலம் முழுக்க நம் கையில் ஆள் இல்லை. செய்தியைக் கூட்டமாக அனுப்புவதில் கைவசம் இருக்கும் ஆட்களையே இழந்துவிடும் ஆபத்து உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

எனக்குக் கைகொடுப்பது பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போய்ச்சேரும். பதில் எனக்கு மட்டும் வரும். ஒரு நிபந்தனை, அவர்கள் போனில் என் எண் சேமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் போகாது. அதனால் புதிதாக ஒருவர் பெயர் கொடுத்ததும் முதல் வேலையாக, என் கண்முன்னே என் எண்ணைப் பதியச் சொல்கிறேன். ரத்த வகைக்கு ஒரு லிஸ்ட், பெரிய வகையென்றால் பகுதிக்கு ஒன்று: செல்லூர், ஆனையூர் ஒரு பக்கம், வில்லாபுரம், அனுப்பானடி ஒரு பக்கம், திருநகர் தனி.

பெயரைப் பதிவதிலும் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் ரத்த வகை, பிறகு ஊர்ப்பகுதி, பிறகு மறுபடி கொடுக்கக்கூடிய மாதம். 'பி+ செல்லூர் ஜன' என்றால் ஜனவரி வரை அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கொடுத்த அன்றே லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவேன். தம்பி இதைப் பார்த்ததும் தன் போனை எடுத்து எண்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 18, சனி

லிஸ்டில் சிலர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். கூப்பிட்டால் முதலில் வந்து நிற்பவர்களும் இவர்களே. இவர்களுக்கு எஸ்எம்எஸ்தான்.

எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு இடம் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் மொத்தச் செய்திக்கும் 70தான். அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். 'ரத்தம்' நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஆறு. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்காகும். நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரும் பேக்கில் இது சீக்கிரம் கரைந்துவிடும். இன்று இப்படி எழுதினேன்:

ஓ- 1 யூனிட். பெரியாஸ்பத்திரி. 18/10 மாலை 5 வரை. வந்தால் அழைக்கவும்.

எழுபதுக்குள் அடங்கியது. வணக்கமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆனால் தேதியும் நேரமும் விடவில்லை. எதை வெட்டினாலும் அதை வெட்டக் கூடாது.

ஆண்ட்ராய்டு போனில் இப்படிப் பலருக்கு அனுப்பும் முன் செய்திச் செயலியின் அமைப்புகளில் குழுச் செய்தி என்ற இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே எம்எம்எஸ்ஸாக அனுப்பவும் வழி உண்டு, ஆளுக்கொரு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பவும் வழி உண்டு. இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். பட்டன் போன்கள் பலவற்றில் எம்எம்எஸ் திறக்காது. குறுகிய நேரத்தில் நிறைய அனுப்பினால் 'இந்தச் செயலி ஏராளமான எஸ்எம்எஸ் அனுப்புகிறது, அனுமதிக்கலாமா' என்று போனே நிறுத்திக் கேட்கும். அதைப் பார்க்காமல் போனைப் பையில் போட்டுவிட்டால் பாதிப் பேருக்குப் போயிருக்காது. கடைசி எண் வரை போனதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பது.

அக்டோபர் 25, சனி

மழை விட்டதும் டெங்கு. காலையிலிருந்து பிளேட்லெட் கேட்டு அழைப்புகள். எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே வந்ததுமே வீட்டார் பதறிப்போய்ச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். ரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது என்பது நாட்டின் சிகிச்சை நெறிமுறை. முடிவு டாக்டருடையது. ஆகவே ரத்த வங்கிக்கு டாக்டர் எழுதித் தரும் தேவைச் சீட்டின் படம் வந்தால்தான் என் விரல் அனுப்பு பொத்தானுக்குப் போகும். சீட்டு வந்ததும் ரத்த வங்கிக்கு ஒரு போன். கையிருப்பில் இருந்தால் செய்தியே தேவைப்படாது.

பிளேட்லெட்டுக்கு லிஸ்ட் தனி. இயந்திரத்தில் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுத்து, மீதியை உடம்புக்கே திருப்பிச் செலுத்தும் முறையில் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும், கை நரம்பு நன்றாக இருக்க வேண்டும். பொறுமைசாலிகளாகத் தேர்ந்து வைத்திருக்கிறேன். எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று முன்கூட்டியே நிறையப் பேரைக் கூப்பிடுவதிலும் பயனில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

கொடையாளர்கள் பாசத்தில் என் செய்தியைப் பத்து இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் அனுப்பியதைத் திருத்த வாட்ஸ்அப் 15 நிமிடம் தருகிறது, எல்லோரிடமிருந்தும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல். ஆனால் இன்னொருவர் கையால் பிரதியாகிப் போனதை அழிக்க எனக்கு வழியில்லை. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தி பரவி, நம் திருவண்ணாமலைப் பக்கம் உட்படப் பல ஊர்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடே வந்தது. நல்ல செய்தியும் அதே வழியில்தான் போகிறது, அதே வழியில்தான் தறிகெட்டும் அலைகிறது.

இன்று எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் அனுப்பினேன். உதவ நினைக்கிறவர்கள் பிறருக்கு அனுப்ப வேண்டாம், ஸ்டேட்டஸில் வையுங்கள். 24 மணி நேரத்தில் அது தானே மறைந்துவிடும். ரத்தம் கிடைத்ததும் நான் 'தேவை முடிந்தது' என்று அனுப்புவேன், அதற்குப் பின் எடுத்துவிடுங்கள்.

ஒரே விதிவிலக்கு பாம்பே வகை. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட அந்த வகைக்காரருக்கு அதே வகை ரத்தம்தான் ஏற்ற முடியும், ஓ வகைகூடச் சேராது. அதற்கு மாவட்டம், மாநிலம் பார்க்காமல் பரப்பத்தான் வேண்டும். அப்போதும் முதல் வரி தேதி.

நவம்பர் 2, ஞாயிறு

இரவு பத்தரைக்குப் பிரசவ வார்டிலிருந்து அழைப்பு, ஓ நெகட்டிவ். சீட்டு வந்தது, வங்கியிலும் இல்லை. லிஸ்ட் முழுக்க அனுப்பவில்லை. பெரியாஸ்பத்திரி இருக்கும் பனகல் சாலைக்கு அருகில் உள்ள சிலருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, பதினோரு மணிவரை பார்த்து, இல்லையென்றால் அடுத்த பகுதி என்று வைத்திருந்தேன்.

கோ.புதூர் தம்பி முதலில் பதில் போட்டார். அவர் கிளம்பியதை உறுதி செய்துகொண்டிருக்கும்போதே செல்லூர் அண்ணன் கூப்பிட்டார். "சட்டை போட்டுட்டேன் தம்பி, வந்துரவா?"

"வேணாம்ண்ணே. ஆள் கிடைச்சாச்சு."

"ஏன்ப்பா, என் ரத்தம் ஆகாதா?" குரலில் வருத்தம் இருந்தது.

"ஆகாம என்னண்ணே. அடுத்து ஒருத்தருக்கு வேணும்னா நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல இருக்கீங்க. உங்களை அதுக்கு வச்சிருக்கேன்."

சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப கூப்பிடு, மறந்துராத" என்றார்.

தாயும் பிள்ளையும் நலம் என்று நள்ளிரவுக்குப் பின் தகவல். யார் யாருக்குக் கேட்டேனோ அத்தனை பேருக்கும் 'தேவை முடிந்தது, 2/11' அனுப்பினேன்.

நவம்பர் 6, வியாழன்

திருமங்கலம் அருகே விபத்து. பெரியாஸ்பத்திரிக்கு ஓ நெகட்டிவ். இன்று செய்தி எழுதவே இல்லை. செல்லூர் அண்ணனை நேரே கூப்பிட்டேன். கொடுத்துவிட்டு, ரத்த வங்கியில் தந்த பிஸ்கட்டோடு வெளியே வந்து போன் பண்ணினார். அவரை லிஸ்டிலிருந்து எடுத்து, பெயரை 'ஓ- செல்லூர் பிப்' என்று மாற்றினேன்.