ஆண்மை என்னும் சொல்லும் பெண்ணின் துயரும்

தமிழ் கற்பிப்போராகிய நாம் சொற்களின் பொருளை மட்டுமன்றி, அவை மனிதர்மீது ஏற்றும் சுமையையும் ஆராயக் கடமைப்பட்டுள்ளோம். 'மலடி' என்னும் சொல் எமது ஊர்களிலே எளிதாக ஒலிக்கிறது. 'மலடன்' என்பதோ அகராதியில் உறங்குகிறது. பிள்ளையில்லாத வீட்டிலே விரதமும் நேர்த்தியும் மருந்தும் மனைவிக்கே விதிக்கப்படுகின்றன. கணவன் உடலுறவுக்கு இயலாதவனாயின் அதனை அவள் அறிவாள்; ஆயினும் வாய் திறவாள். திறந்தால் அவனுடைய 'ஆண்மை' போய்விடுமாம்! வள்ளுவர் பேராண்மை என்று போற்றியது உடலின் வேகத்தையன்று. பிறன் மனைவியை நாடாத பண்பையே.

மருத்துவம் இதனை நோயாகவே காண்கிறது. விறைப்புக் குறைபாட்டுக்கு நீரிழிவு, உயர் குருதியமுக்கம், புகைத்தல், மது, மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. ஆண்குறியின் நாடிகள் இருதய நாடிகளிலும் ஒடுங்கியவை; ஆதலால் மாரடைப்புக்கு முன்னரே இக்குறை எச்சரிக்கையாய்த் தோன்றுவதுண்டு. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் நடத்தப்பெற்று 1994இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 52 பேரிடம் ஏதோ ஓரளவில் இக்குறை இருந்ததைக் காட்டியது. பாதிப்பேருக்கு வருவது எங்ஙனம் இழிவாகும்?

ஆயினும் வெட்கம் நோயை மறைக்கிறது. மறைத்த நோயின் வலியைப் பெண் சுமக்கிறாள். தன்னிடமே குறையோ என்று மருகுகிறாள். ஊணும் உறக்கமும் குன்றுகின்றன. கணவனின் இயலாமை சந்தேகமாகவும் அடியாகவும் அவள்மேல் இறங்குவதுமுண்டு. கவனியாது விட்ட நீரிழிவு அவனைப் படுக்கையில் வீழ்த்தினால், பராமரிப்பவளும் அவளே.

எமது நாட்டின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மையை மணமுறிவுக்கு ஒரு காரணமாக ஏற்றது. ஆனால் சீதனத்தோடு அனுப்பப்பட்டவள், தனக்கென வருவாயற்றவள், அதனை மன்றிலே உரைக்கத் துணிவாளா? சட்டம் திறந்த கதவைச் சமுதாயம் அடைத்து வைத்திருக்கிறது.

1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சில்டெனாபில் மாத்திரை பலருக்குப் பயன்படுகிறது; நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து உட்கொள்வோருக்கோ அது உயிராபத்தாகலாம். எனவே நாடவேண்டியது வைத்தியரையே, சுவரொட்டி லேகியத்தையன்று. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லட்டும்.

இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டிலே வாசியுங்கள்" என்று ஏட்டை மூடும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் முதலில் ஒழிப்போம். வகுப்பறையில் நாம் காக்கும் மௌனத்துக்கு நாளை எமது மாணவிகளே விலை கொடுப்பர்.