அணை திறந்தால்

தமிழ்நாட்டில் ‘அணை திறப்பு’ என்பது மங்கலச் சொல். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகு உயர்கிறது. முதலமைச்சரோ அமைச்சரோ பொங்கி வரும் நீரில் பூத்தூவுகிறார். மறுநாள் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் அந்தப் படம் வருகிறது; டெல்டாவில் குறுவைக்கு வயல் தயாராகிறது. அதே தொடரை இடுக்கி மலைகளுக்குக் கொண்டுசென்றால் அதன் முகம் மாறிவிடுகிறது. அங்கே ‘டேம் துறந்நு’ என்ற குரல் எழுந்தால், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் குழந்தைகளையும் ஆவணங்களையும் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும். சொல் ஒன்றுதான், அதைக் கேட்பவர் அணைக்கு எந்தப் பக்கம், எத்தனை தொலைவில் நிற்கிறார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

இவ்விரு பொருள்களுக்கும் இடையில் நிற்கும் ஊர் கஞ்சிக்கோடு. வாளையாருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, கணவாய்க் காற்று ஓயாமல் வீசும் இடத்தில், நெடுஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டி அமைந்த தொழிற்பேட்டை அது. காற்றாலைகளும் இரும்பு உருக்காலைகளும் அங்கு உண்டு. தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் முடிவதை அங்கு யாரும் வியப்பாகக் கருதுவதில்லை. அவ்வூரில் ‘டேம்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது மலம்புழாதான். மலபார் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்த காலத்தில் கட்டப்பட்ட அணை அது. 1955 அக்டோபர் 9 அன்று திறந்துவைத்தவர் முதலமைச்சர் காமராசர். பாலக்காட்டு நெல்வயல்களுக்காகக் கட்டப்பட்டதால், அங்கும் அணை திறப்பு மேட்டூரைப் போல நல்ல செய்தியாகவே நெடுங்காலம் இருந்தது.

காலப்போக்கில் மலம்புழாவுக்கு மூன்றாவது பொருள் ஒன்றும் சேர்ந்தது. அணையடியில் பூங்கா வளர்ந்தது. 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய யக்ஷி அங்கே அமர்ந்தாள். கம்பிவட ஊர்தி வந்தது. கடலை வண்டிகளும் வந்தன. இரண்டு தலைமுறைக் குழந்தைகளுக்கு அணை என்பது ஞாயிற்றுக்கிழமை போகும் இடமாயிற்று. நுழைவுச்சீட்டு, ஊஞ்சல், ஒரு குழுப்படம், பின்னணியில் நீர். இதில் குறை காண ஒன்றுமில்லை. உழைக்கும் குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் மலைக்காற்று வேறெங்கே இருக்கிறது? ஆனால் பூங்காவுக்குப் பழகிய கண், அணையை ஓர் அழகிய சுவராகவே எண்ணிப் பார்க்கப் பழகிவிடுகிறது. சுவருக்குப் பின்னால் நிற்பது எடை என்பதை அது மறந்துவிடுகிறது. அந்தக் கண்ணோடுதான் ஓண விடுமுறையில் வண்டி கட்டிக்கொண்டு பலர் தெற்கே இடுக்கிக்குப் போகிறார்கள்.

இடுக்கி என்ற பெயரிலேயே இடுக்கு இருக்கிறது. பெரியாறு குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு பாய்ந்த இடம் அது. 1922-இல் வேட்டைக்கு வந்த தோட்ட அதிகாரி டபிள்யூ. ஜே. ஜானுக்கு அந்த இடுக்கைக் காட்டியவர் ஊராளிப் பழங்குடித் தலைவர் கொலும்பன். மின் திட்டம் உருப்பெற அரை நூற்றாண்டு பிடித்தது. கனடாவின் உதவியோடு கட்டப்பட்டு 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தியால் தொடங்கிவைக்கப்பட்டது. இங்கே தேங்கும் நீர் அணையடியில் விழுந்து மின்சாரம் ஆவதில்லை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மறுபுறம் சென்று, ஏறத்தாழ 670 மீட்டர் இறங்கி, மூலமற்றத்தில் நிலத்தடி மின்நிலையத்தின் ஆறு சுழலிகளைச் சுற்றுகிறது. மொத்தத் திறன் 780 மெகாவாட். கேரளத்தின் மிகப்பெரிய நீர்மின் நிலையம் அதுவே. கஞ்சிக்கோட்டு உலைகள் கோடையில் எரிவதற்கும் இந்த நீருக்கும் உறவுண்டு.

அணையின் பாதுகாப்பு என்பது என்ன என்று புரிந்துகொள்ள, பெரியாற்றின் மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு அணைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மேலே முல்லைப் பெரியாறு: பென்னிகுவிக் கட்டி 1895-இல் முடித்தது. உயரம் 53.6 மீட்டர், அடித்தளத்தின் அகலமோ 42 மீட்டருக்கு மேல். கீழே இடுக்கி: உயரம் 168.91 மீட்டர், அதாவது மூன்று மடங்குக்கும் அதிகம். அடித்தள அகலம் 19.81 மீட்டர் மட்டுமே. உச்சியில் அது 7.62 மீட்டராக மெலிகிறது. உயர்ந்தது மெலிந்தும் தாழ்ந்தது தடித்தும் இருப்பதேன்? முல்லைப் பெரியாறு தன் சொந்த எடையால் நீரைத் தடுத்து நிற்கிறது. நீர் தள்ளத் தள்ள, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கனம் அசைய மறுக்கிறது. இடுக்கி அப்படி நிற்பதில்லை. நீரை நோக்கி வளைந்த வில் அது. தன்மேல் விழும் தள்ளுதலை வளைவின் வழியே இரு பக்கமும் கடத்தி, குறவன் தோளிலும் குறத்தி தோளிலும் இறக்கிவைக்கிறது. எடை எங்கே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டதால்தான் அந்த மெலிவு சாத்தியமாயிற்று.

வளைவணையின் முன் நிற்கும் பயணி நீர் கொட்டும் மதகைத் தேடினால் ஏமாந்துபோவார். அதில் மதகே கிடையாது. நீர்த்தேக்கத்தை அடைக்கும் அணைகள் மூன்று: இடுக்கி, செறுதோணி, குளமாவு. வெள்ளநீரை வெளியேற்றும் ஐந்து ஷட்டர்களும் செறுதோணியில்தான். 1992-க்குப் பிறகு 26 ஆண்டுகள் அவை உயர்த்தப்படவே இல்லை. திறக்காத கதவின் முன்னால் மனிதர்கள் குடியேறுவது இயல்பு. ஆற்றுக்கு உரிய இடத்தில் செறுதோணி நகரம் பரவியது. பேருந்து நிலையமும் அங்கே அமைந்தது. ஒரு தலைமுறை முழுவதும் அந்த ஆற்றை ஓடையாகவே அறிந்து வளர்ந்தது.

2018 ஜூலை இறுதியில் நீர்மட்டம் 2395 அடியைத் தொட்டபோது ஆரஞ்சு எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 2403 அடி. அந்த நாட்களில் தொலைக்காட்சிகள் நீர்மட்டத்தைக் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை போல மணிக்கு மணி அறிவித்தன. ஷட்டர் உயர்வதைக் காண வரவேண்டாம், பாலங்களில் நின்று தற்படம் எடுக்கவேண்டாம் என்று நிர்வாகம் திரும்பத் திரும்ப வேண்டிக்கொள்ள நேர்ந்தது. ஆகஸ்ட் 9 நண்பகலில் நடு ஷட்டர் மட்டும் 50 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ‘ட்ரையல் ரன்’. நான்கு மணி நேரத்துக்கென்று சொல்லப்பட்டது. மறுநாளே ஐந்து ஷட்டர்களும் திறந்துகிடந்தன. பேருந்து நிலையம் அழிந்தது. நீர் மூடவிருந்த செறுதோணிப் பாலத்தின் மேல், ஒரு குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மீட்புப் படையினர் ஒருவர் ஓடிய காட்சியை அன்று நாடே பார்த்தது. (தமிழில் அணைப்பதும் அணையும் ஒரே சொல்லடியைச் சேர்ந்தவை என்பது அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவு வராமல் இருந்திருக்காது.) கரையோர மக்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தது அங்கே பெரிய காப்பாயிற்று. நிறங்களும் அடிக்கணக்குகளும் சலிப்பூட்டினாலும், வேலை செய்தவை அவைதாம்.

அப்படிக் கணக்கு வைக்கப்படாத இடம் நீரின் மேற்பரப்பு.

2009 செப்டம்பர் 30. முல்லைப் பெரியாற்றின் நீர்த்தேக்கமான தேக்கடி ஏரி. அங்கே 1895-இல் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீருக்கு மேல் கரிய விரல்களாக நீட்டிநிற்கின்றன. அவற்றின் நடுவே படகு செல்வதுதான் அங்குள்ள அழகு. பூஜை விடுமுறைக் காலம். மாலை உலாவுக்குப் புறப்பட்டது ‘ஜலகன்யகா’ என்ற ஈரடுக்குப் படகு. சேவைக்கு வந்து இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. கரையில் விலங்குகள் தென்பட்டதும் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று உயிர்பிழைத்தவர்கள் கூறினர். படகு சரிந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். உயிர்காப்புச் சட்டை அவர்கள் உடலில் இல்லை.

ஈரடுக்குப் படகின் மேல்தளத்தில் ஆட்கள் கூடக்கூட அதன் எடைமையம் மேலேறுகிறது. மேலேறிய எடை பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தாலும் படகு நிமிரும் வலுவை இழக்கிறது. இதைப் பள்ளி இயற்பியல் புத்தகமே சொல்லும். விலங்குகளைப் பார்த்த மகிழ்ச்சியில் எழுந்து நின்றவர்கள்மேல் பழிபோடுவது கொடுமை. காட்டைப் பார்க்கத்தானே அவர்கள் காசு கொடுத்தார்கள். மனிதர்கள் ஒரு பக்கம் நகர்வார்கள் என்று எதிர்பார்த்து படகைக் கட்டுவதும், ஆட்களை எண்ணி ஏற்றுவதும் ஏற்றிச்செல்பவர் கடமை. மேலும் வருத்தமான செய்தி, அது முதன்முறை அல்ல என்பது. 2007 பிப்ரவரியில் இதே பெரியாற்றில், தட்டேக்காட்டில், சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர் மாண்டிருந்தனர். இறுதிமுறையும் அல்ல. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத் தானூரில் மீண்டும் ஓர் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் ஓர் ஆணையம் உண்டு. ஒவ்வொரு முறையும் பேசப்பட்டது அளவுக்கு மீறிய ஆட்களைப் பற்றியே.

இடுக்கி அணையின்மேல் பொதுமக்கள் நடக்க ஓணத்தையும் கிறிஸ்துமசையும் ஒட்டிய நாட்களில்தான் நெடுங்காலம் அனுமதி இருந்தது. கைபேசியும் கேமராவும் வாசலிலேயே தங்கிவிட வேண்டும். ஊர் திரும்பியவர்களின் புலம்பலில் முதலிடம் இதற்குத்தான்: இவ்வளவு தூரம் போய் ஒரு படம்கூட எடுக்கவில்லை. புலம்பல் இயல்பானதே, ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைக் குறைசொல்ல இயலவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘தடைசெய்யப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டுவினை, தடுப்பவர் யார், எதற்காக என்ற இரண்டையும் மறைத்துவிடுகிறது. வில்லின் மேல் நடப்பவரிடம் அது வில் என்பதையும், அவர் காலுக்குக் கீழுள்ள தள்ளுதல் எந்த மலைக்குப் போகிறது என்பதையும் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டால், படம் இல்லாத கையோடும் அவர் எதையேனும் எடுத்துக்கொண்டு திரும்புவார்.

2018 ஆகஸ்டில் மலம்புழாவின் ஷட்டர்களும் உயர்த்தப்பட்டன. பாலக்காட்டு நகரின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அதன்பின் அவ்வூரிலும் அந்தத் தொடருக்கு இடுக்கியின் பொருள் ஒட்டிக்கொண்டது. ‘டேம் துறக்குந்நு’ என்ற அறிவிப்பு மழைக்காலத்தில் வந்தால், கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு கூட்டம் நுரை பொங்குவதைக் காண மலம்புழாவுக்கு வண்டி எடுக்கிறது. அதே நேரத்தில் கீழே கல்பாத்திப் புழையோரம் இன்னொரு கூட்டம் படித்துறையில் நின்று, நீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.